5,256 வாக்குக்கு யார் சொந்தக்காரர்?

2021 மே 2ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணி முடிந்த இரவே அந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. உளுந்தூர்பேட்டையில் அதிமுகவின் குமரகுருவைத் தோற்கடித்தது தேர்தல் வியூக வகுப்பாளர் பிரசாந்த் கிஷோர் என்றார்கள். பீகாரிலிருந்து ஓர் ஆளைக் காசுக்குப் பிடித்து வந்து, பாட்டுப் போட்டு, பெட்டி வைத்து மனு வாங்கி, செல்போனுக்குச் செல்போன் செய்தி அனுப்பி திமுக ஆட்சியைப் பிடித்துவிட்டது என்பது அதிமுகக்காரர்கள் சொன்ன கணக்கு. களமருதூர், திருநாவலூர், எலவனாசூர்கோட்டை என்று எந்தக் கடைத்தெருவில் நின்றாலும் இதே பேச்சுதான். திமுகவினரும் இதை மறுக்கவில்லை. அவர்களில் இளைஞர்கள் அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள்: “ஐபேக் இல்லேன்னா இந்தத் தடவையும் கஷ்டம்தான்.” ஐபேக் என்பது கிஷோர் வளர்த்த நிறுவனம். ஒரு கட்சி வசவாகச் சொன்னதை மறு கட்சி புகழாகச் சொல்ல, இரண்டும் சேர்ந்து ஊரே ஒப்புக்கொண்ட உண்மைபோல நிலைத்துவிட்டது.

இதை நான் முழுதாக மறுக்கிறேன். எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. வெயிலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட இந்தக் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சனங்களை, யாரோ பொத்தானை அழுத்தினால் ஆடும் பொம்மைகளாக இந்தப் பேச்சு ஆக்குகிறது. அதைவிடக் கேடு, கேள்வி கேட்கப்பட வேண்டியவர்களை இது தப்பவிடுகிறது.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி, தனி மாவட்டமாகச் சந்தித்த முதல் சட்டமன்றத் தேர்தல் 2021 ஏப்ரல் 6இல் நடந்தது. உளுந்தூர்பேட்டை, ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி என்று நான்கு தொகுதிகள். ரிஷிவந்தியத்தில் வசந்தம் கார்த்திகேயனும் சங்கராபுரத்தில் உதயசூரியனும் ஆளுக்கு 40 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். இருவரும் திமுக. கள்ளக்குறிச்சி தனித்தொகுதியில் அதிமுகவின் செந்தில்குமார் 25 ஆயிரம் வாக்குக்கு மேல் முந்தி, காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார். உளுந்தூர்பேட்டையில் திமுகவின் மணிக்கண்ணன் 1,15,451 வாங்க, குமரகுரு 1,10,195இல் நின்றார். வித்தியாசம் 5,256.

நான்கு தொகுதியிலும் ஒலித்தது ஒரே பாட்டு. சுவரில் இருந்தது ஒரே முழக்கம். வேலை பார்த்தது ஒரே நிறுவனம். பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளில் ஒன்று 40 ஆயிரத்தில் ஜெயிப்பு, ஒன்று 5 ஆயிரத்தில் ஜெயிப்பு, ஒன்று 25 ஆயிரத்தில் தோல்வி. இதற்கு ஐபேக்கிடம் என்ன விளக்கம் இருக்க முடியும்? இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரிஷிவந்தியத்தையும் சங்கராபுரத்தையும் இதே கார்த்திகேயனும் இதே உதயசூரியனும் 2016இலேயே, ஜெயலலிதா உயிரோடு இருந்து ஆட்சியைத் தக்கவைத்த அந்தத் தேர்தலிலேயே, ஜெயித்திருந்தார்கள். அன்றைக்கு ஐபேக் திமுக பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆக, இந்த மாவட்டத்தில் பிரசாந்த் கிஷோர் “பிடித்துக் கொடுத்தது” என்று எண்ணத்தக்க தொகுதி ஒன்றே ஒன்று. அந்த 5,256 வாக்குத்தான் மொத்த வழக்கும்.

அந்த ஒரு தொகுதியின் கதை 2021இல் தொடங்கியதல்ல. 2011இல் குமரகுரு விடுதலைச் சிறுத்தைகள் வேட்பாளரை 50 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். அப்போது விஜயகாந்தின் தேமுதிக அவர் பக்கம் இருந்தது. 2016இல் அதே விஜயகாந்த் மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக, இதே உளுந்தூர்பேட்டையில் வந்து நின்றார். சுமார் 34 ஆயிரம் வாக்கு வாங்கி மூன்றாமிடம் போய் டெபாசிட்டையும் இழந்தார். குமரகுருவுக்கு 82 ஆயிரம் அளவில், திமுகவின் வசந்தவேலுக்கு 78 ஆயிரம் அளவில். ஐம்பதாயிரமாக இருந்த வித்தியாசம் ஐந்தே ஆண்டில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. தரை அப்போதே சரிந்தாகிவிட்டது.

விஜயகாந்துக்கு விழுந்த அந்த 34 ஆயிரத்தில் அவருடைய ரசிகர் வாக்கு மட்டுமா இருந்தது? விடுதலைச் சிறுத்தைகள், மதிமுக, இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாம் அந்தக் கூட்டணியில்தான் இருந்தன. சேரிகள் நிறைந்த இந்தத் தொகுதியில் சிறுத்தைகளின் வாக்கு எவ்வளவு கனம் என்பது எந்தக் கட்சியின் கிளைச் செயலாளருக்கும் மனப்பாடம். அந்த நான்கு கட்சிகளும் 2021இல் திமுக பக்கம் இருந்தன. பாமக அதிமுக பக்கம் போனது. விளைவு, 2016ஐவிட குமரகுருவுக்கு 28 ஆயிரம் வாக்கு கூடியது. திமுகவுக்கு 37 ஆயிரம் கூடியது. இரண்டு பக்கமும் கூடியிருக்கிறது, ஒரு பக்கம் கூடுதலாகக் கூடியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மடிக்கணினி வேண்டாம்.

இந்தக் கூட்டணியைக் கட்டியதும் கிஷோர் அல்ல. 2019 நாடாளுமன்றத் தேர்தலிலேயே அது களத்தில் இருந்தது. உளுந்தூர்பேட்டையை உள்ளடக்கிய விழுப்புரம் மக்களவைத் தொகுதியில் சிறுத்தைகளின் ரவிக்குமார், உதயசூரியன் சின்னத்தில் நின்று 1 லட்சத்து 28 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் பாமகவைத் தோற்கடித்தார். கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் கௌதம சிகாமணி ஏறத்தாழ 4 லட்சம் வித்தியாசத்தில் வென்றார். மாநிலம் முழுக்க 39இல் 38 அந்தக் கூட்டணிக்கு. ஐபேக்கோடு கைகோத்ததை ஸ்டாலின் அறிவித்தது 2020 பிப்ரவரியில். அதாவது கிஷோர் வருவதற்கு முன்னால் 4 லட்சம் முன்னிலை கொடுத்த அதே கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில், கிஷோர் வந்த பிறகு நான்கை அதிமுக எடுத்துக்கொண்டது: கள்ளக்குறிச்சி, ஆத்தூர், கங்கவல்லி, ஏற்காடு. “நாடாளுமன்றத் தேர்தல் வேறு, அது மோடிக்கு எதிரான அலை” என்று பதில் சொல்வார்கள். சரியான பதில்தான். அப்படியென்றால் அலை என்று ஒன்று இருக்கிறது, கூட்டணி என்று ஒன்று இருக்கிறது, சேலம் பக்கம் எடப்பாடி பழனிசாமிக்குச் சொந்த மண் செல்வாக்கு என்று ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். வியூக வகுப்பாளர் அதற்கெல்லாம் பிறகு வருகிறவர்.

கிஷோரின் சொந்தப் பதிவேட்டையே எடுத்துப் பாருங்கள். 2014இல் மோடி, 2015இல் நிதிஷ், 2019இல் ஜெகன், 2021இல் மம்தா என்று வெற்றிகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறார்கள். 2017இல் உத்தரப் பிரதேசத்தில் காங்கிரசுக்கு அவர் வேலை பார்த்தபோது கிடைத்தது 403இல் 7. ஆந்திரத்தில் ஜெகனுக்கு 2019இல் 175இல் 151 வந்தது. அவர் விலகிய பின் அவர் வளர்த்த அதே ஐபேக் 2024இல் அதே ஜெகனுக்கு வேலை பார்த்தது. வந்தது 11. 2024 அக்டோபரில் அவர் ஜன் சுராஜ் என்று சொந்தக் கட்சியே தொடங்கி, 2025இல் சொந்த மாநிலமான பீகாரில் இருநூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் ஆள் நிறுத்தினார். ஓரிடத்தில்கூட ஜெயிக்கவில்லை. தான் பிறந்த மண்ணில், தானே கட்சி தொடங்கியும் ஒரு தொகுதியைப் பிடிக்க முடியாதவர், முன்பின் பார்த்திராத உளுந்தூர்பேட்டையில் 5,256 வாக்கை வரவழைத்தார் என்று நம்பச் சொல்கிறார்கள். அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. இரண்டு முறை புஷ்ஷை ஜெயிக்க வைத்த மூளை என்று கொண்டாடப்பட்டவர் கார்ல் ரோவ். 2012 நவம்பரில் ஒபாமா ஓஹையோவை வென்றுவிட்டார் என்று ஃபாக்ஸ் தொலைக்காட்சி அறிவித்தபோது, அதே தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு அதை ஏற்க மாட்டேன் என்று அவர் வாதாடினார். வாக்குகள் ஏற்கெனவே விழுந்து முடிந்திருந்தன.

அதிமுகவினரின் வசவில் இன்னொரு பகுதி இருக்கிறது. சொந்தத் தொண்டனை நம்பாமல் வெளி மாநிலத்துக்காரரைக் கூலிக்கு அமர்த்திய கட்சி என்பது. இதைச் சொன்ன அதே நாட்களில் அதிமுகவுக்கு வியூகம் வகுத்தவர் சுனில் கனுகோலு. கர்நாடகத்தின் பெல்லாரியைப் பூர்வீகமாகக் கொண்டவர். அதற்கு முன்னால் அவர் எங்கே இருந்தார்? ஸ்டாலினிடம். 2015இல் ஸ்டாலின் ஊர் ஊராக நடந்த “நமக்கு நாமே” பயணத்துக்குப் பின்னால் இருந்தவர் அவரே. 2016இல் திமுக தோற்றது. ஒரே மனிதர் ஒரு தேர்தலில் திமுகவோடு தோற்று, இன்னொரு தேர்தலில் அதிமுகவோடு தோற்றார். பிறகு 2023இல் கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் காங்கிரசோடு ஜெயித்தார். மூளை மாறவில்லை, களம் மாறியது.

பழனிசாமி ஆட்சியைத் தக்கவைக்க எடுத்த முயற்சியில் வியூகத்துக்கு என்ன குறை? “வெற்றி நடை போடும் தமிழகம்” என்று பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்க விளம்பரம். பொங்கலுக்கு ரேஷன் அட்டைக்கு 2,500 ரூபாய். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி. தேர்தல் தேதி அறிவித்த அதே நாளில், அறிவிப்புக்குச் சற்று முன்னால், வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம். மார்ச் 7இல் திருச்சியில் ஸ்டாலின் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 என்றால், மறுநாளே பழனிசாமி 1,500 என்றார். குமரகுருவும் சும்மா இருக்கவில்லை. திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழுவில் இருந்த அவர் கொடுத்த நிலத்தில் உளுந்தூர்பேட்டையில் ஏழுமலையானுக்குக் கோயில் கட்ட, முதல்வரே வந்து அடிக்கல் நாட்டினார். அதுவும் அதே பிப்ரவரியில்தான். ஒவ்வொன்றும் திட்டமிட்டு, நாள் குறித்து, வாக்கைக் கணக்குப் போட்டுச் செய்த காரியம். 10.5 சட்டத்தை நம்பிச் சங்கராபுரத்தில் பாமக நின்றது, 40 ஆயிரத்துக்கு மேல் பின்தங்கியது. ஆகவே ஒரு பக்கம் வியூகம், மறுபக்கம் வெள்ளந்தித் தொண்டன் என்று பேசுவது நியாயமில்லை. இரண்டு வியூகங்கள் மோதின. மக்கள் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, தாங்கள் நினைத்தபடி செய்தார்கள்.

எதிர்வாதத்தின் பலமான இடத்தையும் பார்த்துவிடுவோம். ஐபேக் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஜனவரி கடைசியில் திருவண்ணாமலையில் தொடங்கிய “உங்கள் தொகுதியில் ஸ்டாலின்” கூட்டங்கள் திறமாக வடிவமைக்கப்பட்டவை. பந்தலுக்கு வெளியே மேசை போட்டு, அச்சிட்ட படிவத்தில் குறையை எழுதி வாங்கினார்கள். ஆளுக்கொரு பதிவு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். மனுக்கள் பெட்டிக்குள் போயின. மேடையில் ஸ்டாலின் பெட்டியில் கைவிட்டு ஒரு மனுவை எடுத்து, பெயரைப் படிப்பார். கூட்டத்திலிருந்து அந்த ஆள் எழுந்து மைக்கில் பேசுவார். பெட்டியைப் பூட்டி, ஆட்சிக்கு வந்து 100 நாளில் தீர்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். பதவியேற்ற அன்றே அதற்குத் தனித் துறை அமைத்தார். கட்சிக் கூட்டத்தில் சாதாரண ஆளுக்கு மைக் கிடைப்பது பெரிய விஷயம். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர் ஓட்டு மாற்றிப் போட்டிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த மேசைக்கு முன்னால் அத்தனை பேர் ஏன் நின்றார்கள்? முதியோர் உதவித்தொகை நின்றுபோன கிழவியும், பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவரும், வீட்டுமனைக்கு எழுதிப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவரும் நின்றார்கள். அவர்களுடைய குறையைக் கிஷோர் உண்டாக்கவில்லை. பத்தாண்டு ஆட்சி உண்டாக்கியது. ஜமாபந்தியில் அந்த மனுக்களை வாங்கி முடித்துக் கொடுத்திருந்தால் பெட்டி காலியாக இருந்திருக்கும். மேசை போட்டவரைத் திட்டுகிற அதிமுக நண்பர், அந்த வரிசையை உண்டாக்கிய ஆபீசைப் பற்றி வாய் திறப்பதில்லை. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதும், பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமையும், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் அதிமுக போட்ட வாக்கும் எந்த நிறுவனமும் எழுதிய வசனம் அல்ல.

களத்தில் வாக்கைக் கொண்டுவருவது எப்படி என்பதும் வெளியே பேசப்படுவதில்லை. இந்தப் பக்கத்துச் சனங்களில் பலர் பிழைப்புக்காக ஊரில் இருப்பதில்லை. கரும்பு வெட்டப் போயிருப்பார்கள், பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், சென்னையில் செங்கல் சூளையில் இருப்பார்கள், மலைச்சனம் கேரளத்து மிளகுத் தோட்டத்திலும் குடகுக் காப்பித் தோட்டத்திலும் இருக்கும். பூத் கமிட்டி ஆள் பாகம் பாகமாக வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு, யார் எங்கே, யார் செத்துப்போனார், எந்தப் பெண் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பென்சிலால் குறித்திருப்பார். யாருக்கு வேன் அனுப்ப வேண்டும், யாருக்கு அவருடைய பங்காளியைவிட்டுப் பேச வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவர் இந்த வேலையை அண்ணா காலத்திலிருந்து அப்பா, மகன் என்று செய்துவருகிறார். திமுகவிலும் அதிமுகவிலும் அப்படி ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். ஜெயித்தால் பெருமை கிஷோருக்கு என்று திமுக இளைஞர் சொல்லும்போது, முதலில் அவமானப்படுவது அவருடைய சொந்தக் கட்சியின் அந்த மனிதர்தான்.

வியூகம் புதிதும் அல்ல. 1967இல் ராஜாஜியோடு சேர்ந்ததும், குண்டடிபட்டுக் கழுத்தில் கட்டோடு இருந்த எம்ஜிஆரின் படத்தை ஊரெங்கும் ஒட்டியதும், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றதும் கைதேர்ந்த வியூகம். வேறுபாடு ஒன்று உண்டு. மூன்று படி எங்கே என்று சனம் அண்ணாவைக் கேட்டது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று பதில் சொல்லும் பொறுப்பு அவர் தலையில்தான் இருந்தது. சென்னையிலும் கோவையிலும் ஒரு படியாவது போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வாக்குறுதியை யாரோ ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்தது என்று தட்டிக் கழிக்க வழியில்லை.

இன்றைக்கு வழியிருக்கிறது. அதுதான் என் ஆத்திரம். கூட்டுறவுச் சங்கத்தில் 5 சவரன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்றது 2021 திமுக தேர்தல் அறிக்கை. ஆட்சிக்கு வந்தபின் தகுதி பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன்களுக்குத் தகுதியில்லை என்று முடிந்தது. தாலிக்கொடியைச் சொசைட்டியில் வைத்துவிட்டு வட்டி கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் ஊர்க் கட்சிக்காரர் என்ன சொன்னார்? “அது ஐபேக்காரன் எழுதினதும்மா, நம்ம கையில என்ன இருக்கு.” மாதம் 1,000 ரூபாய் 2023 செப்டம்பரில்தான் வந்தது, அதற்கும் தகுதிப் பட்டியல். கையெழுத்துப் போட்டவர் ஸ்டாலின், ஓட்டு வாங்கியவர் மணிக்கண்ணன், சாக்குச் சொல்லக் கிஷோர். எதிர்க்கட்சியோ, ஏன் தோற்றோம் என்று தன்னைத்தானே கேட்பதை விட்டுவிட்டு அதே கிஷோரைக் கைகாட்டியது. அதிமுக 2024இல் கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் மறுபடியும் குமரகுருவையே நிறுத்தியது. 50 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் மறுபடியும் தோற்றார். தோல்விக்குக் காரணம் பீகாரில் இருக்கிறது என்று நம்பினால் திருத்திக்கொள்ள உளுந்தூர்பேட்டையில் என்ன இருக்கும்?

அந்த முடிவு வந்து இரண்டு வாரத்தில், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கு மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்தடுத்த வீட்டில் பிணம் கிடந்தது. அதைத் தொடர்ந்து கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி என்று நீதிமன்றம் கேட்ட ஒவ்வொன்றும் சட்டமன்ற உறுப்பினரிடம் வாக்காளர் கேட்டிருக்க வேண்டியது. 2021இல் வியூகம், வியூகம் என்று கத்திய இரண்டு கட்சிகளின் பிரசாரத்திலும் அடிவாரத்துச் சாராயத்துக்கும் மலைச்சாலைக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்கினார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

வியூக நிறுவனங்களை விமர்சிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பீகார்காரர் என்பது குற்றச்சாட்டே அல்ல. கேட்க வேண்டியது பணத்தைப் பற்றி. 2021இல் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவு செய்ய அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 30 லட்சத்து 80 ஆயிரம். கட்சியின் பொதுச் செலவுக்கு வரம்பே கிடையாது. ஐபேக்குக்கும் சுனிலுக்கும் போனது அந்த வரம்பில்லாத கணக்கில். தேர்தல் முடிந்து 75 நாளுக்குள் கட்சி ஆணையத்துக்குக் கொடுக்கும் கணக்கில் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு என்று தெளிவாகத் தனியே எழுதி, அதைத் தமிழில் ஒன்றிய அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பெட்டியில் போட்ட மனுக்களில் இருந்த பெயரும் செல்போன் எண்ணும் இப்போது யாருடைய கணினியில் இருக்கின்றன, அடுத்த தேர்தலில் அவை யாருக்கு விற்கப்படும் என்று கேளுங்கள். திமுகவைப் பார்த்து இதைக் கேட்கும் முழு உரிமை அதிமுகவுக்கு உண்டு. கேட்டால், சுனிலுக்குக் கொடுத்த கணக்கையும் கூடவே காட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் அவர்கள் பீகாரைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள்.